மேக் வாங்குமுன் மேசையைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். அதனால் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பலவும் பழைய கணக்கில் சேர்ந்துவிட்டன. ‘எப்படியும் புதுசு வாங்கத்தான் போகிறோம், மேக்கே வாங்கிவிட்டால் என்ன?’ என்ற பேச்சு ஆடிட்டர் அலுவலகங்களிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் அச்சகங்களிலும் எழுகிறது. எழுந்ததுமே இரண்டு கட்சிகள் சேர்ந்துவிடும். மேக்கில் வேலையே ஓடாது என்று ஒரு கட்சி பயமுறுத்தும். மேக் வந்தால் கவலையே கிடையாது என்று இன்னொரு கட்சி சத்தியம் செய்யும். இரண்டும் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. அந்தந்த மேசையில் தினமும் என்ன வேலை நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மாற்றம் சுகமாக முடிவதும் சிக்கலில் மாட்டுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நம்பிக்கை 1: எக்செல், பவர்பாயின்ட் எல்லாம் விண்டோஸ் சரக்கு, மேக்கில் அரைகுறையாகத்தான் ஓடும்.

உண்மை: எக்செல் முதலில் வெளிவந்ததே மேக்குக்காகத்தான், 1985-இல். விண்டோஸுக்கு அது வந்து சேர்ந்தது 1987-இல். பவர்பாயின்டும் அப்படியே. ஃபோர்தாட் என்ற நிறுவனம் 1987-இல் அதை மேக்குக்காக வெளியிட்டது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், அவுட்லுக் நான்கும் மேக்கில் முழு மென்பொருளாகவே கிடைக்கின்றன. இரண்டு பக்கமும் கோப்பு ஒன்றுதான். கடிதம், கொட்டேஷன், சம்பளப் பட்டியல், பிவட் டேபிள், விலுக்அப் வரை எதுவும் தடுக்காது.

தடுக்கும் இடங்கள் வேறு. மேக்கில் ஆக்சஸ் கிடையாது. எக்செல்லில் பவர் பிவட் இல்லை. ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்கள் வேலை செய்யாது. மேக்ரோக்கள் பெரும்பாலும் ஓடும். ஆனால் விண்டோஸின் கோப்புப் பாதையையோ விண்டோஸில் மட்டும் இருக்கும் பொருள்களையோ நம்பி எழுதிய மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். பவர் பிஐ டெஸ்க்டாப்பும் விண்டோஸுக்கு மட்டுமே. ஆகவே ‘எக்செல் ஓடுமா?’ என்று கேட்டுப் பயனில்லை. முன்பு வேலை பார்த்தவர் எழுதிவைத்துவிட்டுப் போன, இப்போது யாருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத அந்த ஒரு மேக்ரோ ஃபைல் ஓடுமா என்று பாருங்கள். அதை ஒரு மேக்கில் திறந்து, எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தபிறகு பணம் கொடுங்கள்.

நம்பிக்கை 2: டேலி உட்பட எல்லாவற்றையும் மேக்குக்குள் ஏதாவது செய்து ஓட்டிக்கொள்ளலாம்.

உண்மை: டேலிபிரைம் விண்டோஸுக்கு எழுதப்பட்ட கணக்கு மென்பொருள், மேக்குக்கென்று தனிப் பதிப்பு இல்லை. ‘பூட் கேம்ப் போட்டு விண்டோஸ் ஏற்றிக்கொள்ளலாமே’ என்று சொல்பவர் பழைய மேக்கை நினைத்துச் சொல்கிறார். 2020 நவம்பரில் எம்1 சிப் வந்தது முதல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புகளுக்கு மாறியது. அந்த மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது.

இப்போது இருக்கும் வழி, மேக்குக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியாக விண்டோஸை ஓட்டுவது. பேரலல்ஸ் என்ற மென்பொருள் வழியாக, இந்தச் சிப் வகைக்கான விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பை ஓட்ட 2023-இல் மைக்ரோசாஃப்டே ஒப்புதல் தந்தது. அதேபோன்ற விஎம்வேர் ஃப்யூஷன் 2024 நவம்பரிலிருந்து அலுவலகங்களுக்கும் இலவசம். இந்த விண்டோஸில் சாதாரண மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடிவிடும். டிரைவர் வேண்டிய கருவிகள் மட்டும் அடம்பிடிக்கும். இன்டெல் பிராசசருக்காக எழுதிய டிரைவரை ஆர்ம் விண்டோஸ் ஏற்காது. டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன், பார்கோடு பிரின்டர், வருகைப் பதிவுக் கருவி ஆகியவை சிக்குவது இங்கேதான்.

ஒரு விண்டோஸ் கணினியை மூலையில் விட்டுவைத்து, மேக்கிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதில் வேலை செய்வது இதைவிடச் சிக்கல் குறைந்த ஏற்பாடு. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஆப் அதற்கென்றே இருக்கிறது. அந்தக் கணினியில் விண்டோஸ் புரோ பதிப்பு இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் இந்த இணைப்பை ஏற்காது.

நம்பிக்கை 3: மேக்கில் தமிழ் தட்டச்சு பெரும்பாடு.

உண்மை: எதுவும் நிறுவாமலேயே மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளன. கீபோர்டு அமைப்பில் சேர்த்தால் போதும். குளோப் விசையைத் தட்டி மொழி மாற்றலாம். இதற்குப் பின்னால் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் உழைப்பு இருக்கிறது. முரசு அஞ்சலை உருவாக்கியவர் அவர்தான். மேக்கோடு வரும் இணைமதி எழுத்துருவும் அவர் வடித்தது.

சிரமப்படுவோரும் இருக்கிறார்கள். பழைய டைப்ரைட்டர் முறையில் பழகிய கைக்கு வேண்டிய அமைப்பு மேக்கோடு கூடவே வராது. கீமேன் போன்ற ஒன்றைத் தனியாக நிறுவ வேண்டும். என்எச்எம் ரைட்டரும் அழகியும் விண்டோஸுக்குச் செய்தவை. அச்சகங்களில் இன்னும் உயிரோடிருக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. இன்றைய மேக்கில் அது திறக்கவே திறக்காது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருபது வருடக் கோப்புகள் குவிந்திருக்கும் அலுவலகம், மேக்கைப் பற்றி யோசிக்குமுன் யூனிகோடுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். எந்தக் கணினி வாங்கினாலும் அந்தக் கடன் தீராது.

யூனிகோடு கோப்பிலும் சின்னச் சங்கடம் ஒன்று உண்டு. விண்டோஸில் நிர்மலா அல்லது லதாவில் அமைத்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத மேக்கில் வேறு எழுத்துருவுக்குத் தாவும். வரிகள் நகரும், ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்தில் எட்டிப்பார்க்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை எல்லாக் கணினியிலும் நிறுவி, வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் இது தீரும்.

நம்பிக்கை 4: மேக்குக்கு வைரஸ் வராது.

உண்மை: 2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல், ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளுக்குள் புகுந்தது. அதே ஆண்டு ஆப்பிள் தன் விளம்பர வாசகத்திலிருந்து ‘பிசி வைரஸ்கள் இதற்கு வராது’ என்ற பெருமையை எடுத்துவிட்டது. 2016-இல் கேரேஞ்சர் என்ற பிணைத்தொகை நிரல் மேக்கைத் தேடி வந்தது. 2023 முதல் அட்டாமிக் ஸ்டீலர் என்ற திருட்டு நிரல் போலி டவுன்லோடுகள் வழியாகச் சுற்றுகிறது. மேக்கின் கடவுச்சொல்லை நம் கையாலேயே தட்டவைத்து, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போவது அதன் வேலை.

மேக்கின் காவல் பலவீனமானது என்று இதற்குப் பொருளல்ல. தெரியாத இடத்திலிருந்து வந்த மென்பொருளைக் கேட்கீப்பர் தடுக்கும்; எக்ஸ்புரொடெக்ட் பின்னணியில் சோதிக்கும்; ஃபைல்வால்ட்டை இயக்கிவைத்தால் திருடுபோன மடிக்கணினியிலிருந்து தகவலை எடுப்பது மிகக் கடினம். ஆனால் அலுவலகப் பணம் பறிபோவது பெரும்பாலும் வைரஸால் அல்ல. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்று சப்ளையர் பெயரில் வரும் போலி மின்னஞ்சலுக்கு மேக் என்றால் என்ன, விண்டோஸ் என்றால் என்ன? பணம் அனுப்புமுன் தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கும் பழக்கத்தை எந்தக் கணினியும் கொண்டுவந்து தராது.

நம்பிக்கை 5: மேக் வீண் செலவு. (அல்லது: மேக்தான் கடைசியில் லாபம்.)

உண்மை: இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். லாபக் கட்சி ஐபிஎம்மைக் காட்டும். தன் ஊழியர்களுக்கு 90,000 மேக்குகள் வரை கொடுத்த அந்த நிறுவனம், நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு மேக்கும் விண்டோஸ் கணினியைவிட 265 முதல் 535 டாலர் வரை மிச்சப்படுத்துவதாக 2016-இல் சொன்னது. உதவி கேட்டு வரும் அழைப்புகள் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கணக்கு, எல்லாக் கணினியையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கத் தனிப் பிரிவே வைத்திருக்கும் அமெரிக்கப் பெருநிறுவனத்தின் கணக்கு. பத்து பேர் அலுவலகத்துக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது.

நம் அலுவலகங்களில் செலவு வேறு மாதிரி நடக்கிறது. கணினி மந்தமானால் சர்வீஸ்காரர் வந்து ரேம் கூட்டிப் போடுவார். ஹார்டு டிஸ்க்கை மாற்றுவார். இன்றைய மேக்கில் வாங்கும்போது எவ்வளவு ரேமோ, ஆயுளுக்கும் அவ்வளவுதான். 2024 அக்டோபருக்கு முன்பு பல மாடல்களின் அடிப்படை 8 ஜிபி. அதன்பிறகே 16 ஜிபி ஆனது. உள்ளே விண்டோஸையும் ஓட்டப்போகும் ஆள் 8 ஜிபி மேக்கின் தள்ளுபடி விலையில் மயங்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் இன்டெல் மேக்புக்கும் பொறிதான். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. விண்டோஸ் 10 கைவிட்டதென்று ஓடிவந்து, இன்னொரு கைவிடப்படும் இயந்திரத்தில் ஏறுவதில் அர்த்தமில்லை.

நம்பிக்கை 6: பிரின்டர், பென் டிரைவ் எதுவும் மேக்கோடு ஒட்டாது.

உண்மை: ஏர்பிரின்ட் உள்ள பிரின்டரை, அதாவது சில ஆண்டுகளாக வரும் வைஃபை பிரின்டர்களில் பெரும்பாலானவற்றை, மேக் தானாகவே கண்டுகொள்ளும். பழைய யூஎஸ்பி லேசர் பிரின்டரும் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸும் அப்படியல்ல; தயாரித்த நிறுவனம் புதிய மேக்ஓஎஸ்ஸுக்கு டிரைவர் தருகிறதா என்று மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

பென் டிரைவில் சூட்சுமம் ஒன்றுதான். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்ததை மேக் படிக்கும், அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் இரண்டிலும் எழுதலாம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால், பேக்கப் ஹார்டு டிஸ்க்கில் கைவைக்குமுன் அதை வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி கருவிகளைச் செருக மேக்புக் ஏரில் இருப்பவை யூஎஸ்பி-சி துளைகள் மட்டுமே. டிஎஸ்சி டோக்கனைச் செருக ஒரு ஹப்பும் வாங்க வேண்டியிருக்கும். இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்பவர் மாடலைப் பார்த்து வாங்க வேண்டும். எம்1, எம்2 மேக்புக் ஏரில் வெளி மானிட்டர் ஒன்றுக்குத்தான் இடம். எம்3-இல் மூடியை மூடினால் இரண்டு. எம்4-இல் திறந்திருந்தாலும் இரண்டு.

நம்பிக்கை 7: மேக் சுலபம், பழகவே வேண்டாம்.

உண்மை: புதிதாகக் கணினி தொடுபவருக்குச் சுலபம். பதினைந்து வருடம் விண்டோஸில் விரல் பழகியவருக்கு முதல் சில வாரம் எரிச்சல். கன்ட்ரோல் விசை செய்த வேலைகளைக் கமாண்ட் விசை செய்யும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஜன்னல் மூடும், மென்பொருள் மூடாது. அதற்குக் கமாண்ட்டும் க்யூவும். ஃபைல் மேல் என்டர் தட்டினால் திறக்காமல் பெயர் மாற்றக் கேட்கும். ஃபைலை ‘கட்’ செய்து ஒட்டும் வழக்கம் கிடையாது. காப்பி செய்துவிட்டு, ஒட்டும்போது ஆப்ஷனையும் கமாண்ட்டையும் வி-யோடு சேர்த்து அழுத்தினால் இடம் மாறும். எக்செல்லில் டாலர் குறி போட எஃப்4-க்குப் பதில் கமாண்ட்டும் டி (T) விசையும்.

அக்கவுன்டன்டுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மேக்புக்கில் எண் பலகை இல்லாதது. ஏற்கெனவே இருக்கும் யூஎஸ்பி கீபோர்டையே செருகிக்கொள்ளலாம். அதில் விண்டோஸ் விசை கமாண்டாகவும் ஆல்ட் விசை ஆப்ஷனாகவும் வேலை செய்யும்.

இனி மேசைக்கு வருவோம். ஒவ்வொரு இருக்கையிலும் உட்காருபவரிடம் ஒரு வாரம் ஒரு தாள் கொடுத்து, திறக்கிற மென்பொருள், செருகுகிற கருவி, பயன்படுத்துகிற அரசுத் தளம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். மின்னஞ்சல், பிரவுசர், வேர்டு, எக்செல், ஜூம் என்று தாள் முடிந்தால் அந்த இருக்கை தாராளமாக மேக்குக்கு மாறலாம். வடிவமைப்பும் வீடியோவும் சேர்ந்திருந்தால் மாறுவது நல்லதும்கூட. டேலியும் டிஎஸ்சியும் வருமான வரியின் ஆஃப்லைன் கருவிகளும் தாளில் இருந்தால் அந்த இருக்கைக்குப் புதிய விண்டோஸ் 11 கணினியே வாங்குங்கள். ஒரே அலுவலகத்தில் இரண்டும் இருப்பதில் தவறேதுமில்லை.

மாறுகிற இருக்கைகளையும் மொத்தமாக மாற்றாதீர்கள். முதலில் ஒன்று, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை முடிகிற 20-ஆம் தேதிக்குப் பிறகு. பழைய கணினியை அடுத்த ரிட்டர்ன் போய்ச் சேரும்வரை விற்காதீர்கள்.