ஏசி கண்டென்சர்ல கல் பட்டா க்ளெய்ம் போடலாமா, கைக்காசு போடலாமா?

போன வருஷம் மே மாசம். திருச்சியில ஒரு கல்யாணத்தை முடிச்சுட்டு காரைக்குடிக்குத் திரும்பிக்கிட்டு இருந்தோம். புதுக்கோட்டை தாண்டி திருமயம் நெருங்குற இடத்துல முன்னாடி ஒரு டிப்பர். ஜல்லி லோடு, மேல தார்ப்பாய் இல்லை. ஓவர்டேக் பண்ணலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே பின்னாடி ஒட்டிப் போனேன். கீழ எங்கேயோ ‘டக்’னு ஒரு சத்தம். கண்ணாடியைப் பார்த்தேன், கீறல் இல்லை. வீடு வந்து பம்பரைப் பார்த்தேன், அதுலயும் ஒண்ணும் இல்லை. விட்டுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினா, ஏசி வெறும் காத்தை ஊதுது. பின் சீட்டுல இருந்து எங்க அப்பத்தா, “ஏப்பா, இதுக்கு ஜன்னலைத் திறந்தே விட்டுரலாமே”ன்னாங்க.

சேனல்ல கார் இன்சூரன்ஸ் வீடியோ போட்டப்போ இந்தக் கதையை அரை நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். கணக்கை முழுசா எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டீங்க. மொத்தச் செலவு ரூ. 16,300. அதுல ரூ. 1,800 முழு முட்டாள்தனம். மீதி 14,500-க்கு க்ளெய்ம் போடலாமா வேணாமாங்கறதுதான் உண்மையான கேள்வி. இன்சூரன்ஸ் கட்டுற எல்லாரும் “அதான் பாலிசி இருக்கே”ன்னு நினைக்கிற இடம் இது. சி.ஏ. படிச்ச நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்.

முதல்ல பொருளைப் புரிஞ்சுக்கலாம். கண்டென்சர்ங்கறது ரேடியேட்டருக்கும் முன்னாடி, பம்பர் கிரில்லுக்குப் பின்னாடி நிக்கிற ஒரு அலுமினியப் பலகை மாதிரி இருக்கும். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்புற சூடான கேஸ் இதுக்குள்ள ஓடி, எதிர்க்காத்துல சூட்டை விட்டுட்டு திரவமா மாறும். காத்து நல்லா படணும், அதனால முன்னாடிதான் வைக்கணும். நம்ம ஊரு வீட்டுல முகப்புதானே தெருப்புழுதி முழுசையும் வாங்கும், அந்த மாதிரி. இப்போ வர்ற கார்கள்ல இது தட்டையான மெல்லிய குழாய்களால ஆனது. குழாய்ச் சுவரோட தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உங்க கார் முன்னாடி குனிஞ்சு பாருங்க. நம்பர் பிளேட்டுக்குக் கீழ பெரிய வாய் மாதிரி திறப்பு இருக்கும். பல கார்கள்ல அது வழியா கண்டென்சர் நேரடியாத் தெரியும். விரலை விட்டாத் தொடலாம். ஜல்லித் துண்டுக்கும் அந்த வழி தெரியும்.

இப்போ அந்த 1,800 கதை. நான் முதல்ல போன ஒர்க்‌ஷாப்ல, “கேஸ் குறைஞ்சிருக்கு சார், ஏத்திட்டா சரியாயிடும்”னாங்க. ஏத்தினாங்க. ஒரு வாரம் ஜில்லுன்னு இருந்துச்சு, அப்புறம் மறுபடி வெறும் காத்து. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகுற பொருள் இல்லை. மூடின வட்டத்துக்குள்ள அதே கேஸ்தான் சுத்திக்கிட்டே இருக்கும். பல வருஷத்துல சீல் வழியா கொஞ்சம் குறையலாம். திடீர்னு குறைஞ்சா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையைத் தேடாம கேஸ் ஏத்துறது, அசல் குறையாத கடனுக்கு வட்டி மட்டும் கட்டுற மாதிரி. இன்னொரு ஆபத்தும் இருக்கு. கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் அந்த கேஸோட சேர்ந்துதான் சுத்தி வரும். கேஸ் குறைவா இருக்கறப்போ ஓட்டிக்கிட்டே இருந்தா கம்ப்ரஸர் அடி வாங்கும். அது போச்சுன்னா கண்டென்சர் பில்லெல்லாம் சில்லறைன்னு தோணும்.

ரெண்டாவது மெக்கானிக் பம்பரைக் கழட்டி, சிஸ்டத்துல நைட்ரஜன் ஏத்தி, சோப்புத் தண்ணி அடிச்சுக் காட்டினார். “அண்ணே, இங்க பாருங்க”ன்னு விரல் வச்ச இடத்துல துவரம்பருப்பு அளவுக்கு ஒரு குழி. சுத்தி எண்ணெய்க் கறை, அதுல புழுதி ஒட்டி கறுப்பா இருந்துச்சு. ஒட்டு வச்சுத் தரவான்னும் கேட்டார். இவ்வளவு மெல்லிய குழாய்ல வெல்டிங் எத்தனை நாள் தாங்கும்னு அவராலயே உறுதி சொல்ல முடியலை. மாத்திடுங்கன்னுட்டேன். கண்டென்சர் ரூ. 10,000, கூலி ரூ. 2,500, கேஸும் ஆயிலும் ரூ. 2,000. இது என் காருக்கு வந்த பில். உங்க மாடலுக்கு வேற மாதிரி வரும்.

அன்னைக்கு ராத்திரி க்ளெய்ம் ஃபார்மை நிரப்ப உக்காந்தேன். பழக்கதோஷம், பக்கத்துல எக்செல்லையும் திறந்தேன். அதான் காப்பாத்துச்சு.

கார் வாங்கி அப்போ 3 வருஷம் 4 மாசம். என்ஜின் 1500 சிசிக்குக் கீழ. பாலிசியில ஜீரோ டெப் இல்லை. அப்போ க்ளெய்ம்ல என்ன கிடைக்கும்? மூணுல இருந்து நாலு வருஷக் காருக்கு உலோகப் பாகங்கள்ல 25 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. கண்டென்சர் 10,000-ல 2,500 போயிடும். கூலி முழுசா வரும். கேஸ், ஆயில் எல்லாம் கன்ஸ்யூமபிள்ஸ் கணக்கு, அதுக்குத் தனி ஆட்-ஆன் இல்லேன்னா நம்ம கைக்காசுதான். அதுக்கு மேல கட்டாயக் கழிவு ஒண்ணு இருக்கு: 1500 சிசி வரைக்கும் ரூ. 1,000, அதுக்கு மேல ரூ. 2,000. ஆக 7,500 கூட்டல் 2,500 கழித்தல் 1,000. கைக்கு வர்றது ரூ. 9,000.

இப்போ அதுக்கு நாம என்ன கொடுக்கிறோம்னு பார்ப்போம். க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடிதான் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது என்சிபி. படிகள் 20, 25, 35, 45, 50 சதவீதம். ஒரு க்ளெய்ம் போட்டா அடுத்த ரென்யூவல்ல பூஜ்யம், மறுபடி முதல் படியில இருந்து ஏறணும். தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

நான் 35-ல இருந்தேன். க்ளெய்ம் போடலேன்னா அடுத்தடுத்து 45, 50, 50, 50, 50. போட்டா 0, 20, 25, 35, 45. நிறைய பேர் முதல் வருஷ வித்தியாசத்தை மட்டும் பார்ப்பாங்க. நஷ்டம் அஞ்சு வருஷம் தொடரும். தள்ளுபடிக்கு முன்னாடி ஓடி பிரீமியம் ரூ. 9,000-னு வைங்க:

முதல் வருஷம் 45% – ரூ. 4,050
ரெண்டாவது 30% – ரூ. 2,700
மூணாவது 25% – ரூ. 2,250
நாலாவது 15% – ரூ. 1,350
அஞ்சாவது 5% – ரூ. 450

கூட்டினா 120 சதவீதம், ரூ. 10,800. பிரீமியத்து மேல 18% ஜிஎஸ்டி உண்டு, சேர்த்தா ரூ. 12,744. கார் பழசாக ஆக ஐடிவி குறையும், பிரீமியமும் குறையுமேன்னு கேட்பீங்க. நியாயம். வருஷத்துக்கு 10 சதவீதம் குறையுதுன்னு போட்டாலும் சுமார் ரூ. 11,300 வருது. 9,000 வாங்க 11,300 கொடுக்கணும். ஃபார்மை மூடிட்டேன்.

இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கறதையும் சொல்லிடறேன். அடுத்த வருஷமே வேற ஏதாவது பெரிய விபத்துல க்ளெய்ம் போட வேண்டி வந்தா, நான் காப்பாத்தின என்சிபி எப்படியும் போயிருக்கும். எதிர்காலம் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் சின்ன பில்லுக்கு கைக்காசு, பெரிய பில்லுக்கு பாலிசிங்கறதுதான் என் கட்சி.

அதுக்காக ‘க்ளெய்மே போடாதீங்க’ன்னு எடுத்துக்காதீங்க. இதே கல் எட்டு மாசப் புதுக் கார்ல பட்டிருந்தா பதில் மாறும். முதல் வருஷத்துல உங்க கையில இழக்கறதுக்கு என்சிபியே இல்லை. க்ளெய்ம் போட்டா ஏணியில ஒரு வருஷம் பின்தங்குவீங்க, அவ்வளவுதான். வித்தியாசம் 20, 5, 10, 10, 5, மொத்தம் 50 சதவீதம். ஓடி பிரீமியம் ரூ. 12,000-னு வச்சாலும் ஜிஎஸ்டியோட ரூ. 7,080. தேய்மானமோ ஆறு மாசத்துக்கு மேல ஒரு வருஷத்துக்குள்ள வெறும் 5 சதவீதம், அப்போ க்ளெய்ம்ல ரூ. 11,000 வரும். தாராளமாப் போடுங்க. முதல் கார் வாங்கின பசங்க “புது கார்ல க்ளெய்ம் போட்டா ரெக்கார்டு கெட்டுடும்”னு பயந்து கைக்காசு போடறதையும், அஞ்சு வருஷம் ஒழுங்கா ஓட்டி 50 சதவீதத்துல இருக்கறவங்க சின்ன கீறலுக்கு க்ளெய்ம் போடறதையும் பார்க்கறேன். ரெண்டுமே தலைகீழ்.

ஜீரோ டெப்பும் கன்ஸ்யூமபிள்ஸும் ரெண்டும் இருந்தா என் பில்லுக்கு ரூ. 13,500 கிடைச்சிருக்கும். 11,300-ஐ விட அதிகம்தான், ஆனா மயிரிழை. பல பாலிசிகள்ல ஜீரோ டெப் வருஷத்துக்கு இத்தனை தடவைதான்னு வரம்பு இருக்கும், அதுல ஒண்ணு காலியாகும். என்சிபி ப்ரொடெக்ட் ஆட்-ஆன் வாங்கியிருந்தா இந்தக் கணக்கே வேற, பாலிசியைத் திறந்து பாருங்க. இன்னொண்ணு: என்சிபி உங்களுக்குச் சொந்தம், காருக்கு இல்லை. பழைய காரை வித்துட்டு புதுசு வாங்கினா அந்த 50 சதவீதத்தைப் புதுக் கார் பிரீமியத்துல கழிச்சுக்கலாம். ரெண்டு வருஷத்துல பெரிய கார் வாங்குற ஐடியா இருக்கறவங்களுக்கு ஒரு சின்ன க்ளெய்மோட விலை நான் போட்ட கணக்கை விட ஜாஸ்தி.

வாரண்டி கிடைக்காதான்னு கேட்பீங்க. வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான், வெளியில இருந்து வந்த கல்லுக்கு இல்லை. அமெரிக்காவுல 2016-க்கு அப்புறம் வந்த சில சிவிக் மாடல்களோட கண்டென்சருக்கு ஹோண்டா வாரண்டியை 10 வருஷமா நீட்டிச்சது. அதுவும் தயாரிப்புக் குறையால வர்ற கசிவுக்குத்தான்.

இன்சூரன்ஸ்ல நேர் எதிர். கல் பட்டா விபத்து, கவர் உண்டு. நாள்பட அரிச்சுப்போய் ஓட்டை விழுந்தா அது தேய்மானம், கவர் கிடையாது. அதனால க்ளெய்ம் போடறதா இருந்தா, பழைய பாகத்தைக் கழட்டறதுக்கு முன்னாடியே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்க. அடிபட்ட இடத்தை, அந்த எண்ணெய்க் கறையோட, போட்டோ எடுங்க. நான் முதல் தடவை கேஸ் ஏத்திட்டு வந்ததால ஒரு வாரம் போயிடுச்சு, நான் போட்டிருந்தாலும் சர்வேயர் அந்தத் தேதியைப் பத்தி கேட்டிருப்பார்.

சில இடங்கள்ல “பம்பர்ல லேசா ஒரு இடி வாங்கிட்டு வந்துடுங்க சார், எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுடலாம்”னு யோசனை சொல்வாங்க. வேண்டாம். பொய்த் தகவல் கொடுத்த க்ளெய்மை மறுக்க கம்பெனிக்கு முழு உரிமை உண்டு. பத்தாயிரம் ரூபாய்க்கு உங்க கையெழுத்தைப் பொய்யில போடாதீங்க.

சரி, தடுக்க என்ன வழி? பம்பர் கழட்டியிருந்த அன்னைக்கே கீழ்த்திறப்புக்குப் பின்னாடி அலுமினிய மெஷ் வச்சுக் கட்டச் சொன்னேன். மெஷ்ஷுக்கு ரூ. 700, தனிக் கூலி வாங்கலை. இதை ஆறு மாசம் முன்னாடி பண்ணியிருக்கலாம்னு அப்பத்தா சொல்லலை, நானே சொல்லிக்கிட்டேன்.

மெஷ் கண் அஞ்சாறு மில்லிமீட்டர் இருக்கட்டும். ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையைக் கட்டின கார்களை நம்ம ஊர்லயே பார்த்திருக்கேன். கல் நிக்கும், காத்தும் நின்னுடும். ஏசி குளிராது, டிராஃபிக்ல என்ஜின் சூடும் ஏறும். மெஷ் கண்டென்சரை ஒட்டி இருக்கக்கூடாது, கல் பட்டா உள்வாங்குறதுக்கு இடைவெளி வேணும். பம்பர்ல ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்காம கேபிள் டை போட்டுக் கட்டினா, சர்வீஸ்ல கேட்டா அஞ்சு நிமிஷத்துல கழட்டிடலாம். முன்பக்கம் ரேடார் வச்ச கார்னா அதுக்கு முன்னாடி எதையும் கட்டாதீங்க, சர்வீஸ் சென்டர்ல இடத்தைக் கேட்டுக்கங்க. கட்டின பிறகு ரெண்டு மூணு நாள் டெம்பரேச்சர் மீட்டர் மேல ஒரு கண் வைங்க.

நம்ம பக்கத்துச் செம்மண் புழுதியும் பூச்சியும் மெஷ்ஷுல அப்பும். மாசம் ஒரு தடவை குழாய்த் தண்ணியை மெதுவா விட்டுக் கழுவினாப் போதும். வாட்டர் வாஷ்ல பிரஷர் கன்னை நேரா கிரில்லுக்குள்ள அடிக்க விடாதீங்க, கண்டென்சரோட மெல்லிய தகடுகள் மடங்கிடும், அங்க காத்து போகாது. மெஷ் எல்லாக் கல்லையும் நிறுத்தாது, பொடிக்கல் உள்ள போகத்தான் செய்யும். அதனால ஜல்லி லோடு டிப்பர் முன்னாடி போனா, ஓவர்டேக் பண்ண வழி இல்லேன்னா, பிரேக்கை லேசா அழுத்தி நல்லா பின்தங்கிடுங்க. திருமயத்துல இருந்து காரைக்குடி வர்றதுக்குள்ள அதனால அஞ்சு நிமிஷம் கூட லேட் ஆகாது.