வீட்டு வெந்நீர்ப் பாய்லர்: பழுதறிதலும் பாதுகாத்தலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

முன்னுரை

திருப்பூர்ச் சாய ஆலைகளிலும் காங்கேயம் அரிசி ஆலைகளிலும் நீராவிப் பாய்லர்கள் இயங்குவதை நாம் அறிவோம். அவற்றுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. 1923-ஆம் ஆண்டின் இந்தியப் பாய்லர்கள் சட்டமும், அதற்குப் பதிலாக 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் அத்தகைய பாய்லர்களுக்கு ஆய்வும் சான்றிதழும் தேவை என விதித்துள்ளன. நம் வீட்டு வெந்நீர்ப் பாய்லரைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வருவதில்லை. வீட்டில் உள்ளவர்களே அதன் ஆய்வாளர்கள். பழுதின் அறிகுறிகள் எவை, நாமே சரிசெய்யத் தக்கவை எவை, கை வைக்கக் கூடாதவை எவை என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செம்புப் பாய்லர்

கொங்கு நாட்டு வீடுகளில் இன்றும் காணப்படும் செம்புப் பாய்லர் எளிய அமைப்புடையது. நீர் நிற்கும் உருளைக் கலத்தின் நடுவே ஒரு புகைக்குழல் செல்கிறது. அதனுள் தேங்காய்த் தொட்டியும் சிறு விறகும் எரிகின்றன. சாம்பல் கீழே உள்ள கம்பித் தட்டின் வழியே விழுகிறது.

புகை மேலே செல்லாமல் திரும்பி வந்தால், சாம்பல் அடைத்துக் காற்று புகவில்லை என்று பொருள். தட்டைச் சுத்தம் செய்தால் போதும்.

நீர் காய அதிக நேரமானால் காரணம் இரண்டாகும். புகைக்குழலின் உட்புறத்தில் கரி படிந்திருக்கும். நீர் படும் புறத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கும். சுண்ணாம்புப் படிவின் வெப்பங்கடத்தும் திறன் செம்பின் திறனில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஆகவே வெப்பம் நீருக்குச் செல்லாமல் புகையோடு வெளியேறுகிறது. விறகு வீணாகிறது.

ஈயம் வைத்துப் பற்றவைத்த மூட்டுகளில் நீர் கசிந்தால், நீர் குறைவாக இருக்கும்போது தீ மூட்டியிருக்கலாம் என ஐயுற வேண்டும். செம்பு 1085 டிகிரி செல்சியசில்தான் உருகும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு ஏறத்தாழ 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கலத்தில் நீர் உள்ளவரை மூட்டின் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நீர் இல்லையேல் அதற்குக் காவல் இல்லை. “மொதல்ல தண்ணி, அப்பறம் நெருப்பு” என்பது பள்ளிக்கூடம் சென்றறியாத என் அம்மாயியின் விதி. அதற்கான காரணத்தை நான் கல்லூரியில் படித்தேன். விதி எங்கள் வீட்டில் முன்பே இருந்தது.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

சிறுவாணி நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் பல இடங்களில் எளிதில் நுரைக்காது. அந்நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடாகும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இத்தகைய கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள நீரை நாளொன்றுக்கு 30 லிட்டர் காய்ச்சுவதாகக் கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் படிந்தாலும் ஓராண்டில் ஏறத்தாழ 330 கிராம் சேர்ந்துவிடும். புளிக்கரைசலிலும் எலுமிச்சைச் சாற்றிலும் உள்ள அமிலம் இப்படிவைக் கரைக்கும். செம்புப் பாய்லரை ஆற வைத்து, இவற்றால் கழுவி, நன்கு அலச வேண்டும்.

மின்சாரப் பாய்லர்

‘கீசர்’ எனப்படும் மின்சாரப் பாய்லருக்குக் கடிகாரமே முதல் சோதனைக் கருவி. 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 2,200 கிலோஜூல் வெப்பம் தேவை. 2 கிலோவாட் கருவி இதனை 18 நிமிடங்களில் தரும். அதைவிட வெகுநேரம் ஆனால் உடனே கருவியைக் குறை கூறலாகாது. மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால் அதே நீர் காய 30 நிமிடங்களாகும். மின்னழுத்தம் சரியாக இருந்தும் தாமதமானால் தெர்மோஸ்டாட்டையும் காயிலையும் சோதிக்கச் செய்ய வேண்டும்.

உள்ளே சடசடவென ஒலி கேட்டால் காயிலின் மீது சுண்ணாம்பு ஏறியுள்ளது என அறியலாம். இங்கே வெப்பம் புகையோடு போக வழியில்லை, காயிலிலேயே தேங்குகிறது. எனவே செம்புப் பாய்லரில் விறகை வீணாக்கும் அதே படிவு, மின்சாரப் பாய்லரில் காயிலை எரித்துவிடுகிறது.

பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சொட்டுவதைப் பலர் பழுது எனக் கருதி அடைத்துவிடுகின்றனர். இது பெருந்தவறு. 15 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர் அளவுக்கு விரிவடைகிறது. வந்த வழியே திரும்ப முடியாத நீர் வால்வின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது இயல்பு. எப்போதும் ஒழுகினால் வால்வைப் பார்க்கச் செய்ய வேண்டும்.

கை வைக்கக் கூடாதவை

1. குழாயைத் தொட்டால் ‘ஷாக்’ அடித்தல். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும். எர்த் கம்பியையும் சோதிக்கச் செய்ய வேண்டும்.

2. சுவிட்சைப் போட்டவுடன் டிரிப்பர் விழுதல். காயிலின் உறை வெடித்து மின்சாரம் கசிவதாக இருக்கலாம். டிரிப்பரை மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

3. வால்வில் நீராவி சீறுதல். தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை என்பதே பொருள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். நீர் நீராவியாக மாறும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்காகும்.

4. மூடிய குளியலறையில் கேஸ் கீசர். எரிவாயு முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வரும் வரை ஆபத்து தெரிவதில்லை. இக்கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் பொருத்த வேண்டும்.

முடிவுரை

பாய்லர் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிப் பழுதாவதில்லை. தாமதம், ஒலி, கசிவு, புகை ஆகியவற்றால் அது நமக்குச் செய்தி சொல்கிறது. அதனைக் கேட்கப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஆனால் சொட்டும் வால்வை அடைக்கும் கையைத் தடுத்து, ‘ஏன் கூடாது’ என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நம்மில் பலருக்கு அந்தப் பொறுப்பு உண்டு. மாணவ நண்பர்கள் அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, கடிகாரத்தோடு ஒருமுறை தம் வீட்டுப் பாய்லரைச் சோதித்துப் பார்ப்பார்களாக!