சபை பாடட்டும்

மதுரை

கர்த்தருக்குள் பிரியமான மருமகனுக்கு,

மாமா எழுதுவது. ஆராதனைக் குழுவின் பொறுப்பைச் சேகரக் கமிட்டி உன்னிடம் ஒப்படைத்திருக்கிறது என்று உன் அம்மா ஃபோனில் சொன்னாள். கேட்டதும் மனம் நிறைந்து கர்த்தரைத் துதித்தேன். ஃபோனில் வாழ்த்திவிட்டு விட்டுவிடக்கூடிய காரியம் இல்லை இது. நம் ஊர்க் கோவிலில் கொயரோடு ஆர்மோனியமும் ஆர்கனும் வாசித்தே வளர்ந்தவன் நான். அந்த உரிமையில் சிலவற்றை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீயும் உன் குழுப் பிள்ளைகளும் மைக்கின் முன்னால் நிற்பது சபையைப் பாடவைப்பதற்காக. நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான். ஒரு ஞாயிறு ஆராதனை நன்றாக நடந்ததா என்று அறிய வேண்டுமானால் டிரம்ஸ் எப்படி இருந்தது, கிட்டார் சோலோ எப்படி அமைந்தது என்று கேட்காதே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டி வாய் திறந்து பாடினாரா என்று கேள்.

முதலில் ஸ்கேல். யூடியூபில் கேட்ட ஸ்கேலிலேயே பாட வேண்டும் என்று வாலிபர்களுக்கு ஆசை இருக்கும். ஆனால் அந்தப் பாடகர் தன் குரல் எங்கே எடுப்பாக ஒலிக்குமோ அங்கே ஸ்கேலை வைத்துக்கொண்டு பாடியிருப்பார். பயிற்சி பெற்ற குரலுக்கு மேல் எஃப், ஜி எல்லாம் சிரமம் இல்லை. வாரம் முழுவதும் வயலிலும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு அது எட்டாது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்து தொண்டை நோகாமல் பாடுவதற்கு, கீழே ஏ-யிலிருந்து மேலே டி வரைக்கும்தான் இடம். எப்போதாவது ஓர் இடத்தில் ஈ-யைத் தொட்டுவிட்டு இறங்கலாம். புதுப் பாட்டு ஒன்றை எடுத்தால் அதன் உச்ச ஸ்வரம் எது என்று முதலில் பார். டி-யைத் திரும்பத் திரும்பத் தாண்டினால் தயங்காமல் ஸ்கேலை இறக்கிவிடு. கீபோர்டில் அதற்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. கிட்டார் வாசிக்கிற தம்பி கார்டுகளை மாற்றிப் பிடித்துப் பழகிக்கொள்ளட்டும். இப்போதைய பாட்டுகளில் முதல் சரணத்தை முணுமுணுப்பாகத் தாழப் பாடிவிட்டு, கடைசியில் அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்குகிறார்கள். தாழப் பாடும்போது பாதிச் சபைக்குக் குரல் எடுபடாது, மேலே போகும்போது மறுபாதி நின்றுவிடும். அப்படிப்பட்ட பாட்டை நம் கோவிலில் ஒரே ஸ்தாயியில் பாடினால் போதும், கெட்டுப்போகாது.

அடுத்தது சத்தம். நம் கோவில் பழைய கட்டடம். கூரை உயரம், சுவர் கனம், தரையில் கம்பளம் கிடையாது. ஒரு அடி அடித்தால் அந்த ஓசை அடங்க நேரமாகும். அதற்குள் அடுத்த அடி விழுந்தால் சொல் எது, தாளம் எது என்று தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் டிரம்ஸை அளந்துதான் அடிக்க வேண்டும். கனத்த குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிக்கட்டால் வாசிக்கலாம், சில பாட்டுகளுக்குக் கஹோன் பெட்டியே போதும். மிக்ஸரில் உட்காருகிறவன் பாட்டு நடக்கும்போது எழுந்து பின்வாசல் வரைக்கும் ஒரு தடவை நடந்து கேட்டுவிட்டு வர வேண்டும். காதில் மானிட்டர் மாட்டிப் பாடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சுருதி சுத்தமாக இருக்க அது உதவும், ஆனால் சபையின் குரலை அடைத்துவிடும். ஒரு காதைத் திறந்தே வை. கடைசிக் கோரஸில் ஒரு தடவையாவது எல்லா வாத்தியத்தையும் நிறுத்து. அப்போது சபையின் பாட்டு தொய்வில்லாமல் தொடர்ந்தால் உன் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நின்றுபோனால் அதுவரை பாடிக்கொண்டிருந்தது ஸ்பீக்கர்தான்.

திரையில் பாட்டு வரிகளைப் போடுகிற பிள்ளையை யாரும் கண்டுகொள்வதில்லை. சபை பாடுவதும் தடுமாறுவதும் பாதி அவள் கையில்தான் இருக்கிறது. ஒரு வரியின் கடைசிச் சொல்லைப் பாடும்போதே கண் அடுத்த வரியைத் தேட ஆரம்பித்துவிடும். கடைசிச் சொல் முடிந்த பிறகு அவள் பட்டனைத் தட்டினால் சபை அடுத்த வரியின் முதல் சொல்லை விட்டுவிட்டு நடுவில் வந்து சேரும். கடைசிச் சொல் தொடங்கும்போதே தட்ட வேண்டும். ஒரு திரைக்கு நாலு வரிக்கு மேல் வேண்டாம். மூச்சு விடுகிற இடத்தில் வரியை மடக்கு, சொல்லை நடுவில் உடைக்காதே. ‘ழ’வும் ‘ள’வும் மாறிக் கிடந்தால் சின்னப் பிள்ளைகள் அதையே படித்துக்கொள்வார்கள். சனிக்கிழமைப் பயிற்சியில் அவளும் உங்களோடு இருக்க வேண்டும்.

இனி கீர்த்தனைகள். உங்கள் குழுவில் சிலர் கீர்த்தனை என்றாலே சலித்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவற்றில் பலவற்றை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் நம் திருநெல்வேலிச் சீமையில் 1774இல் பிறந்தவர். மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். நம் ஜனங்களின் மெட்டிலும் தாளத்திலும் அவர் கிறிஸ்துவைப் பாடினார். ஜெர்மன், ஆங்கில மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்திப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அது புதுமையான காரியம். நான் இப்போது இருக்கிற இந்த மதுரையின் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடித் திரட்டி, 1853இல் சபைகளுக்காக ஒரு பாட்டுப் புத்தகமாக வெளியிட்டார். ஜனங்கள் எதை மனதாரப் பாடுகிறார்கள் என்று கவனித்துச் செய்த வேலை அது. இன்று நீ பழையது என்று நினைக்கிற கீர்த்தனையும் ஒரு காலத்தில் சபைக்குப் புதுப் பாட்டுதான். உன் புதுப் பாட்டுகளைக் கண்டு முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கும் இதையே நான் சொல்லுவேன். பெர்க்மான்ஸ் பாதரின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் கேசட்டாக வந்து எத்தனை சபைகளுக்குள் நுழைந்தன என்று பார்த்தவன் நான். இரண்டாம் தடவை கேட்கும்போதே கூடப் பாடிவிடலாம் என்பதுதான் அவற்றின் பலம்.

கீர்த்தனையைக் கிட்டாரிலும் கீபோர்டிலும் தாராளமாக வாசிக்கலாம், ஆனால் படித்துவிட்டு வாசி. புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பது உனக்காகத்தான். ரூபக தாளம் மூன்று மூன்றாக நடக்கும். மிசிர சாப்புக்கு ஏழு எண்ணிக்கை. டிரம்ஸ் தம்பி கைப்பழக்கத்தில் நாலுக்கு நாலு அடித்தால் குறில் நெடிலாகி, சொல் இழுபட்டு, அர்த்தம் சிதைந்துபோகும். சங்கராபரணத்துக்கு மேஜர் கார்டுகள் இயல்பாகப் பொருந்தும். மாயாமாளவகௌளை போன்ற ராகத்தில் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வருகிற இடத்தில் கார்டுக்கு மேல் கார்டு மாற்றினால் ராகம் நசுங்கிவிடும். அங்கே சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துச் சுருதியாக நில், மெட்டு அதன் வழியில் நடக்கட்டும். சாம்பவர்வடகரையில் பிறந்து, தஞ்சாவூரில் வாழ்ந்து, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரிய நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் மேல்நாட்டு இசையையும் நம் இசையையும் முறையாகக் கற்றவர். அப்படி ஒருவர் நம் பக்கத்து மண்ணில் பிறந்திருக்கும்போது, ‘எங்களுக்கு வெஸ்டர்ன் மட்டும்தான் வரும்’ என்று நம் பிள்ளைகள் சொல்லக் கூடாது.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது துள்ளலை மட்டும் பார்க்காதே. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார். போன வாரம் புருஷனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அக்கா இருப்பார். பரீட்சையில் தவறிய பையன் இருப்பான். கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாத தகப்பன் இருப்பார். ஆசீர்வாதம், ஜெயம், உயர்வு என்றே நாலு பாட்டும் இருந்தால் அவர்கள் எதைப் பாடுவார்கள்? 150 சங்கீதங்களில் எத்தனை கண்ணீரோடு தொடங்குகின்றன என்று எண்ணிப் பார். சிலுவையும் பாவமன்னிப்பும் புலம்பலும் நம்பிக்கையும் உன் பட்டியலில் இருக்கட்டும். லெந்து நாட்களுக்கு லெந்தின் பாட்டு, அட்வெந்துக்கு அட்வெந்தின் பாட்டு. வியாழக்கிழமைக்குள் போதகர் ஐயரவர்களைப் பார்த்து அந்த வாரத்து வேதபாடமும் பிரசங்கமும் எதைப் பற்றி என்று கேட்டுவிட்டு அதற்குப் பிறகு பாட்டை முடிவு செய். மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டு போதும். அதை அடுத்தடுத்த ஞாயிறுகளில் திரும்பப் பாடினால்தான் அது சபையின் பாட்டாகும்.

1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வாட்ஃபர்டு ஊரில் சோல் சர்வைவர் என்ற சபையில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். இசையில் பேர்போன சபை அது. பாட்டு நன்றாக இருந்தும் ஆராதனையில் ஏதோ குறைகிறது என்று அங்கிருந்த போதகர் உணர்ந்தார். சில காலத்துக்கு பேண்டையும் சவுண்ட் சிஸ்டத்தையும் எடுத்துவிட்டார். ஜனங்கள் வெறும் குரலோடு கூடினார்கள். ஆரம்பத்தில் சங்கடமான அமைதி. போகப்போகத் தாங்களாகவே ஜெபித்தார்கள், பாடினார்கள். அந்த நாட்களில் அங்கே ஆராதனை நடத்திய மேட் ரெட்மன் எழுதியதுதான் ‘தி ஹார்ட் ஆஃப் வொர்ஷிப்’ என்று நீங்கள் இன்றும் பாடுகிற பாட்டு. பிறகு வாத்தியங்கள் திரும்பி வந்தன. அந்தப் பாட்டைப் பாடுகிற உங்கள் குழு அது பிறந்த கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாத்தியம் இல்லாமல் ஆராதிக்கத் தெரிந்த சபைக்குத்தான் வாத்தியம் துணையாகும்.

உங்களுக்கு வெளியூர்க் கன்வென்ஷன்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்திருக்கிறதாம். சந்தோஷம், போங்கள். ஆனால் நீங்கள் பாடுகிற பாட்டு எங்கே பிறக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 1971இல் கலிஃபோர்னியாவில் மாரநாதா இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கியதும், சிட்னியில் 1993இல் டார்லின் செக் ‘ஷௌட் டு தி லார்ட்’ பாட்டை எழுதியதும், தத்தம் சபையின் ஞாயிறு ஆராதனைக்குள் வாழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகளின் வேலை. உலகம் பிறகுதான் கேட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலுக்கு. மற்ற நாட்களில் மிச்சம் இருப்பது வெளியூருக்கு.

சபையில் வேரூன்றிய குழு என்றால் சபையின் சுகதுக்கத்தில் நிற்கிற குழு. பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியதும் வாத்தியக்காரர்கள் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் ஃபோன் பார்க்கிற வழக்கத்தை இந்த வாரமே நிறுத்து. உங்களைப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளைகள் பழகுகிறார்கள். அசன விருந்துக்கு அரிசி களையவும் இலை போடவும் உன் குழு முன்னால் நிற்கட்டும். துக்கவீட்டுக்கு மைக் இல்லாமல், ஒரு கிட்டாரோடு போய்ப் பாடுங்கள். படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர்கள் வீட்டுக்கும் போங்கள். அவர்கள் கேட்கிற பழைய பாட்டைப் பாடுங்கள். அந்த வீட்டார் ஞாயிறன்று உங்களோடு சேர்ந்து பாடுவார்கள்.

கொயரோடு பகை வேண்டாம். நாலு குரலில் பாமாலை பாடுகிற பழக்கம் நம் சபையின் சொத்து. ஒருமுறை விட்டுப்போனால் மறுபடி கட்டி எழுப்ப ஒரு தலைமுறை ஆகும். மாதம் ஒரு ஞாயிறு கொயரும் உங்கள் குழுவும் சேர்ந்து பாடுங்கள். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தைக் குழுவோடு உட்கார்ந்து படி. தேறின பாடகர் 288 பேர். ஆசான், மாணாக்கன், பெரியவன், சிறியவன் என்று பாராமல் எல்லோரும் சீட்டுப்போட்டு முறை பிரித்துக்கொண்டார்கள். உன் கீபோர்டில் உனக்கு அடுத்து உட்கார ஒரு பிள்ளை இப்போதே தயாராகிக்கொண்டிருக்க வேண்டும்.

பணக் காரியத்தில் எச்சரிக்கையாக இரு. வாத்தியம் வாங்கியது சபை ஜனங்களின் காணிக்கையில். வெளியூரில் தருகிற காணிக்கையை ரசீதோடு வரவு வைத்து, சேகரக் கமிட்டியிடம் கணக்குக் கொடு. கேட்பதற்கு முன்னால் கொடு. யூடியூபில் பாட்டு ஏற்றுவதற்கு முன்பு எழுதினவரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ அனுமதி வாங்கு. ஆராதனையில் பாடுவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ரெக்கார்ட் பண்ணி வெளியிடுவது வேறு காரியம். கிறிஸ்துவின் பாட்டை அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டோம் என்ற பேர் நமக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. வருகிற ஞாயிறு இரண்டு காரியம் செய்: ஸ்கேலை இறக்கு, ஒரு கோரஸுக்கு வாத்தியத்தை நிறுத்து. சபை என்ன செய்தது என்று அன்று சாயங்காலமே எனக்கு ஃபோன் பண்ணு. அசனப் பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது சனிக்கிழமையே வந்துவிடுகிறேன். உங்கள் பயிற்சியில் உட்கார்ந்து கீர்த்தனைகளின் தாளத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல். உன் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

கர்த்தருக்குள் உன் அன்புள்ள,
மாமா