மீன்தொட்டியில் புழுத் தொல்லையா?

* கப்பி, மோலி, பிளாட்டி மீன்களின் ஆசனவாயில் சிவப்பு நூல் போல ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது கமலானஸ் உருண்டைப்புழு. மீன் அசையாமல் நிற்கும்போது வெளியே தெரியும்; நீந்தினால் உள்ளே போய்விடும்.

* நன்றாகத் தின்றும் மீன் மெலிவது, வயிறு ஒட்டுவது ஆகியவையும் குடற்புழுவின் அறிகுறிகளாக இருக்கலாம்.

* கண்ணாடியிலும் மணலிலும் நெளியும் மெல்லிய வெள்ளைப் புழுக்கள் பெரும்பாலும் மீனைத் தாக்காதவை. மிஞ்சிய தீனியால் பெருகுபவை. தீனியைக் குறைத்து, அடிமணலைச் சுத்தம் செய்தாலே போதும்.

* உருண்டைப்புழுவுக்கு லெவாமிசோல், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல். ஒன்றுக்கு மற்றொன்று பலன் தராது. தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அளவு கேளுங்கள்.

* ஒரு மீனுக்கு வந்தாலும் தொட்டி முழுவதற்கும் மருந்து தேவை. மருந்திடும் முன் ஃபில்டரிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும். லெவாமிசோலை வெளிச்சம் கெடுக்கும் என்பதால் விளக்கை அணைத்துவிடுங்கள்.

* லெவாமிசோல் புழுவைக் கொல்லாது, செயலிழக்கச் செய்யும். எனவே மறுநாளே அடியில் கிடக்கும் கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றுங்கள். தப்பிய குஞ்சுப்புழுக்களுக்காக இரண்டு, மூன்று வாரம் கழித்து மீண்டும் மருந்திடுங்கள்.

* புதிய மீனை நான்கு வாரமாவது தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். அதற்கென்று தனி வலை, தனி குழாய் இருக்கட்டும்.