‘ஆளு எப்படிங்க?’ என்று கேட்பதற்கு முன்

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் எச்.ஆர். மேலாளராக இருக்கிறேன். கணக்கு, ஸ்டோர்ஸ், தரக் கட்டுப்பாடு ஆகிய பிரிவுகளுக்கு அடிக்கடி ஆள் எடுக்கிறோம். பழைய கம்பெனிகளில் விசாரித்து முடிக்க மூன்று வாரம் ஆகிவிடுகிறது. அதற்குள் நல்ல ஆட்கள் வேறு இடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். “நம்ம ஏரியா எச்.ஆர். வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைப் போடுங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதோடு முடித்துக்கொள்ளலாம்” என்கிறார் எங்கள் முதலாளி. இது சட்டப்படி சரியா? சரியில்லை என்றால், விசாரணையில் குறை வைக்காமல் நாட்களைக் குறைக்க என்ன வழி?
— ஒரு வாசகர், கோவை

பதில்: வேலைக்கு விண்ணப்பித்தவரின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு விசாரிக்காதீர்கள். அதற்கான சட்டக் காரணங்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் முதலாளியின் அவசரத்தில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் பதிலில்லாமல் காத்திருப்பது உங்களைவிட விண்ணப்பித்தவரைத்தான் அதிகம் வாட்டுகிறது. கையில் இருக்கும் வேலையை விடலாமா, வேறு அழைப்பை மறுக்கலாமா என்று தெரியாமல் ஒரு குடும்பமே தவிக்கிறது. தாமதம், குறுக்குவழி இரண்டும் ஒரே தவறிலிருந்து பிறக்கின்றன என்பது என் கருத்து. எந்தத் தகவலை யாரிடம் கேட்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் பழைய நிறுவனத்திடமே கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். சட்டம் விதிக்கும் கட்டுப்பாடுகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அந்தப் பிரிப்பு நடந்துவிடும். நாட்களும் குறையும்.

நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு வகை. எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பதவியில், என்ன சம்பளத்தில் இருந்தார் என்பது முதல் வகை. இதற்கு ஆவணம் உண்டு. அவர் எப்படி வேலை செய்தார் என்பது இரண்டாவது வகை. இதை ஒரு மனிதர்தான் சொல்ல முடியும். முதல் வகைக்காகப் பழைய கம்பெனியின் எச்.ஆர். பிரிவுக்கு மெயில் அனுப்பிவிட்டு, பதிலுக்காக நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பிக்கொண்டிருப்பதில்தான் உங்கள் மூன்று வாரத்தில் பெரும்பகுதி போகிறது. வருங்கால வைப்பு நிதியில் இருக்கும் ஊழியர் தன் யூ.ஏ.என். எண்ணை வைத்து உறுப்பினர் தளத்தில் நுழைந்தால், எந்தெந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற பணி வரலாறு அங்கேயே இருக்கும். மாதாமாதம் கட்டிய தொகை பாஸ்புக்கில் இருக்கும். நேர்காணலுக்கு வரும் நாளிலேயே அவர் தன் போனில் திறந்து காட்டிவிட முடியும். பதவி அதில் வராது. அதற்கு ரிலீவிங் லெட்டரும் கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பும் போதும். பட்டச் சான்றிதழ் டிஜிலாக்கரில் வந்திருந்தால் அது அசலுக்கு நிகரானது. ஆக, முதல் வகைத் தகவல் ஒரே நாளில் முடிகிறது.

ஆவணத்தைப் போலியாகத் தயாரிக்க மாட்டார்களா என்று உங்கள் முதலாளி கேட்பார். சரியான கேள்விதான். அதனால்தான் அச்செடுத்துக் கொண்டுவந்த தாளை நம்பாமல், அவரே உங்கள் எதிரில் தளத்தைத் திறந்து காட்டச் சொல்கிறேன். பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ நீங்கள் கேட்டு வாங்கக் கூடாது. 20 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் பட்டறைகளில் பி.எஃப். கட்டாயமில்லை. அங்கிருந்து வருபவர்களிடம் சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரத்தை, மற்ற வரிகளை மறைத்துக் காட்டச் சொல்லலாம். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கியவர் என்றால் பழைய இடத்துக்குப் போன் செய்துதான் ஆக வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்காக ஆளை ஒதுக்குவது நியாயமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பல நிறுவனங்கள் ஊழியர் விலகிய தேதியை வருங்கால வைப்பு நிதி அமைப்பின் (இ.பி.எஃப்.ஓ.) தளத்தில் பதிவதே இல்லை. புதிய இடத்தில் சேர்ந்த பிறகும் பழைய வேலை முடியாததுபோலத் தெரியும். ‘ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்திருக்கிறார்’ என்று அதைப் பார்த்ததும் முடிவுகட்டினால், பழைய கம்பெனியின் அலட்சியத்துக்கு இவர் தண்டனை அனுபவிப்பார். 2020 முதல் விலகிய தேதியை ஊழியரே பதிய வழி இருக்கிறது. அதைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகைக்கு வருவோம். அதற்கு முன் ஒப்புதல் வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின், 2027 மே மாதத்தில் கட்டாயமாகின்றன. போனில் பேசியதை எக்செல்லில் தட்டிவைத்தாலே அது இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும். ஒப்புதல் சுதந்திரமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், விவரம் தெரிந்து கொடுத்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது 6-ஆவது பிரிவு. அந்த நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அது செல்லும். ‘என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விசாரிக்கச் சம்மதிக்கிறேன்’ என்று பல நிறுவனங்கள் விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் வாங்கும் கையெழுத்து இந்தத் தேர்வில் நிற்காது. ‘வேலைவாய்ப்பு நோக்கத்துக்காக’ ஒப்புதலின்றியும் தரவைக் கையாளலாம் என்று 7-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறதே என்று உங்கள் ஆடிட்டர் சொல்லக்கூடும். விண்ணப்பித்தவர் இன்னும் உங்கள் ஊழியர் அல்ல. அந்த விலக்கில் சாய்ந்து நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பக்கத் தாளில், யாரிடம் பேசுவோம், என்ன கேட்போம், எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்று தமிழிலேயே எழுதி, நேர்காணல் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தத் தாளிலேயே, தன் வேலையை நேரில் மேற்பார்த்த இரண்டு பேரின் பெயரையும் பதவியையும் அவர் எழுதட்டும். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரைத் தேடி அலையும் நாட்கள் இதில் மிச்சமாகும்.

தனக்கு வேண்டியவர் பெயரைத்தானே எழுதுவார் என்றால், ஆமாம், எழுதுவார். அதனால்தான் ‘தெரிந்தவர்’ என்று கேட்காமல் ‘நேரடி மேற்பார்வையாளர்’ என்று கேட்கிறோம். அவர் கொடுத்த செல்போன் எண்ணோடு நிற்காமல், அந்த நிறுவனத்தின் பொது எண்ணுக்கு அழைத்து இணைப்புக் கேட்கிறோம். அந்த மேற்பார்வையாளர் விலகிவிட்டார் என்றால் அந்த இருக்கைக்கு வந்தவரிடம் பதவியை மட்டும் உறுதிசெய்துகொள்ளலாம்.

இப்போது அந்தப் போன் அழைப்பையே பாருங்கள். வழக்கமாக நடப்பது இதுதான்: “ஆளு எப்படிங்க?” “பரவால்லீங்க… ஆனா எதுக்கும் பாத்துக்கோங்க.” அவ்வளவுதான். போனை வைத்ததும் விண்ணப்பத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு விழுகிறது. ‘எதுக்கும் பாத்துக்கோங்க’ என்பதில் தகவல் ஏதாவது இருக்கிறதா? பணம் கையாடினாரா, தாமதமாக வந்தாரா, சம்பள உயர்வு கேட்டுச் சண்டை போட்டாரா, அல்லது நோட்டீஸ் பீரியடை முழுதாக முடிக்காமல் போனதில் மேலாளருக்கு மனத்தாங்கலா? எதுவும் தெரியாது. தெரியாததை வைத்து ஒருவரின் பிழைப்பில் கைவைக்கிறோம். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படுத்தும் தரவு முழுமையாகவும் சரியாகவும் முரணின்றியும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று அதே தரவுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த ஒரு வாக்கியம் அந்தச் சோதனையில் எந்த விதத்தில் தேறும்?

பதில் சொல்பவருக்கும் சட்டம் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது இதுதான். இரண்டு ஆண்டுவரை வெறுங்காவல் விதிக்கலாம். ஆனால் தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னது குற்றமல்ல என்று விலக்கும் இருக்கிறது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: கடைக்காரர் ஒருவர் தன் வியாபாரத்தைக் கவனிப்பவரிடம், இன்னாரின் நாணயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, ரொக்கம் தராமல் சரக்குக் கொடுக்காதே என்கிறார். நல்லெண்ணத்தோடு சொன்னால் அவர் குற்றவாளி அல்ல. இந்த விலக்கில் கவனிக்க வேண்டியது, யாரிடம் சொன்னார் என்பது. தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவரிடம் சொன்னார், தெருவில் நின்று சொல்லவில்லை. நல்லெண்ணம் என்றாலும் தக்க கவனத்தோடு செய்தது என்றே சட்டம் பொருள் சொல்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இரண்டுமே அடிபடுகின்றன. விண்ணப்பித்தவரை வேலைக்கு எடுக்கப்போகாத நூறு பேர் அதைப் படிக்கிறார்கள். கேள்விப்பட்டதைச் சரிபார்க்காமல் யாரோ தட்டிவிடுகிறார். கேட்ட உங்கள் பங்கும் சிறிதல்ல. விண்ணப்பித்தவர் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியின் எச்.ஆர். அதே குழுவில் இருந்தால், அவர் வேறு வேலை தேடுகிறார் என்ற செய்தியை நீங்களே அங்கே கொண்டுசேர்த்துவிட்டீர்கள்.

இங்கிலாந்தில் ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்கில் 1994-இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, முன்னாள் ஊழியரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நிறுவனம் கவனத்தோடு தயாரித்துச் சொல்லக் கடமைப்பட்டது என்றும், அலட்சியத்தால் அவருக்கு இழப்பு நேர்ந்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்றும் தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும், நாளை நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் இருக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு. பெரிய நிறுவனங்கள் பல, தேதியும் பதவியும் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று கொள்கை வைத்திருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த மௌனத்துக்கு உள்ளர்த்தம் தேடாதீர்கள்.

ஆகவே எல்லாரிடமும் ஒரே நான்கு கேள்விகளை, ஒரே வரிசையில் கேளுங்கள். அவருடைய அன்றாடப் பொறுப்பு என்ன? ஸ்டோர்ஸ் ஆளென்றால், இருப்பு எடுக்கும்போது கணக்கும் சரக்கும் ஒத்துவந்தனவா? வராதபோது அவர் என்ன செய்தார், ஒரு சம்பவம் சொல்ல முடியுமா? இதே வேலைக்கு மறுபடி எடுப்பீர்களா, மாட்டீர்கள் என்றால் ஏன்? பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆள்தேர்வு முறைகளை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஷ்மிட்டும் ஹன்டரும் 1998-இல் தொகுத்து ஆராய்ந்த முடிவுகளில், பிற்கால வேலைத்திறனைக் கணிப்பதில் ரெஃபரன்ஸ் செக் பெற்ற மதிப்பு 0.26 (முழுமையாகக் கணித்தால் 1). ஒழுங்குபடுத்திய நேர்காணல் பெற்றது 0.51. பழைய மேலாளரின் வாய்ச்சொல்லில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்து, ஐந்து பேரிடம் பேசும்வரை காத்திருப்பதில் பெரிய பயன் இல்லை என்பதே இதில் நான் காண்பது. இரண்டு பேரிடம் பதினைந்து பதினைந்து நிமிடம் ஒழுங்காகப் பேசினால் போதும். பணம் கையாளும் பொறுப்பு என்றால் கூடுதலாக ஒருவரிடம் பேசுங்கள், காவல்துறைச் சரிபார்ப்பும் கேளுங்கள். கடைநிலை உதவியாளருக்கு அதெல்லாம் வேண்டாம். கர்ப்பம், எச்.ஐ.வி. நிலை, சங்க உறுப்பு, பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்தாரா என்பது போன்றவற்றைக் கேட்கவே கூடாது. எதிர்முனையில் தானாகச் சொன்னாலும் குறிக்காதீர்கள்.

இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தைத் தொடும் விஷயத்தில் வேகத்தைவிட வரிசை முக்கியம். மற்ற எல்லாச் சரிபார்ப்பையும் முடித்த பிறகே ஆஃபர் லெட்டர் கொடுங்கள். அவர் ராஜினாமா கொடுத்து, அனுமதியும் தந்த பிறகு இப்போதைய நிறுவனத்திடம் தேதியையும் பதவியையும் மட்டும் உறுதிசெய்யுங்கள். ‘சரிபார்ப்புக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி போட்டு ஆஃபரை முதலில் கொடுத்துவிட்டு, அவர் ராஜினாமா செய்தபின் ஐந்து வருடத்துக்கு முந்தைய கம்பெனியில் விசாரிக்கத் தொடங்குவது இப்போது பரவலாக நடக்கிறது. நிறுவனத்துக்கு இது வேகமாகத் தெரியும். ஆபத்து முழுவதும் ஊழியரின் தலையில் இறங்குகிறது. ஏதாவது இடறினால் அவருக்குப் பழைய வேலையும் இல்லை, புதிய வேலையும் இல்லை. என்னைக் கேட்டால், நீங்கள் சொன்ன குறுக்குவழியைவிட இது கொடியது.

பாதகமான தகவல் வந்தால், முடிவெடுக்கும் முன் அவரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள். அமெரிக்காவில், வெளி நிறுவனம் தயாரித்த பின்னணி அறிக்கையை வைத்து ஒருவரை நிராகரிக்கும் முன் அதன் பிரதியை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே தனியார் துறைக்கு அப்படி நேரடி விதி இல்லை. ஆனால் 2016-இல் அவதார் சிங் வழக்கில், அரசுப் பணிச் சரிபார்ப்புப் படிவத்தில் தகவலை மறைத்தவர்கள் குறித்து உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்கும் பொருந்தும் அறிவுரை. கேள்வி தெளிவாக இருந்திருக்க வேண்டும், மறைத்தது அற்பமானதா கடுமையானதா என்று எடைபோட வேண்டும், பதவியின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்றது அது. சேர்ந்த தேதியில் ஒரு மாதம் பிசகுவதும், பார்க்காத வேலையைப் பார்த்ததாக எழுதுவதும் ஒன்றல்ல. காட்டினால் இனி யாரும் வாய் திறக்க மாட்டார்களே என்றால், சொன்னவர் பெயரை விட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் கேளுங்கள். ‘நீங்கள் சொல்வதன் சாரத்தை அவரிடம் கேட்போம்’ என்று போனின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் பொத்தாம் பொதுவான குறைகள் நின்றுபோகும். ஆதாரம் உள்ளவர் தொடர்ந்து பேசுவார். இதற்கு இரண்டு நாள் கொடுங்கள். அப்படியும் மொத்தம் ஒரு வாரத்துக்குள் முடியும்.

வெளி ஏஜென்சியிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு உங்களோடுதான் இருக்கும்; எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்காதீர்கள். தேர்வாகாதவர்களின் தாள்களையும் கோப்புகளையும் ஒப்புதலில் சொன்ன காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுவில் பெயர்கள் போட்டிருந்தால் அந்தப் பதிவுகளை இன்றே நீக்குங்கள். அங்கே வந்த பதில்களை வைத்து நிறுத்திவைத்த விண்ணப்பங்கள் இருந்தால் அவற்றைத் திரும்ப எடுத்து, ஒப்புதல் தாளிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.