இழை எங்கே ஓடுகிறது?

ஒரு கணிப்பொறியில் நான்கு செயலகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதிய புரோகிராம் இப்போது அவற்றுள் எதில் ஓடுகிறது? "தொடங்கிய இடத்தில்தானே ஓடும்!" என்று நீங்கள் சொல்லக்கூடும். அதுதான் இல்லை!

புரோகிராமில் தனித்து ஓடக்கூடிய ஒவ்வொரு வேலைத் தொடரையும் இழை என்கிறோம். எந்த இழைக்கு எந்தச் செயலகம் என்று முடிவு செய்வது இயக்க அமைப்பு. ஒரு செயலகத்தில் வேலை குவிந்து, மற்றொன்று சும்மா இருந்தால், அது இழையை இடம் மாற்றிவிடும். இதில் சிறிது நஷ்டமும் உண்டு. இழைக்கு வேண்டிய விவரங்கள் பழைய செயலகத்தை ஒட்டிய விரைவு நினைவகத்தில் தங்கிவிடுகின்றன. புதிய இடத்தில் அவற்றை மறுபடியும் திரட்ட வேண்டும்.

இழை தன் இடத்தை எப்படி அறியும்? லினக்ஸில், 2006-இல் வெளியான 2.6.19 பதிப்பு முதல் 'கெட்சிபியூ' என்ற அழைப்பு இதற்கென உள்ளது. விடை ஓர் எண். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் நம் கணிப்பொறியில் 0 முதல் 3 வரை ஏதேனும் ஒன்று வரும்.

ஆனால் அந்த விடையை எவ்வளவு நம்பலாம்? ஒரு சோதனை. செயலகத்துக்கு ஒன்றாக நான்கு எண்ணுப் பெட்டிகள் வைக்கிறோம். முதல் இழை கேட்கிறது, விடை 2. 2-ஆம் பெட்டியில் உள்ள 10-ஐப் படிக்கிறது. அந்த நொடியில் அது செயலகம் 0-க்கு மாற்றப்படுகிறது. இதற்குள் இரண்டாம் இழை செயலகம் 2-க்கு வந்து, அதே 10-ஐப் படித்து 11 என்று எழுதுகிறது. முதல் இழையும் 11 என்றே எழுதுகிறது. வர வேண்டியது 12. ஓர் எண்ணிக்கை காணாமல் போயிற்று!

கேட்டபோது விடை சரி, பயன்படுத்தும்போது பழையதாகிவிட்டது. எனவே அதை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். படித்தல், கூட்டல், எழுதுதல் மூன்றையும் இடையில் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்தால், இழை தவறான பெட்டியில் கூட்டினாலும் மொத்தம் பிசகாது.

செய்து பாருங்கள்: பள்ளியில் லினக்ஸ் கணிப்பொறி இருந்தால், ஆசிரியர் உதவியுடன் 'பிஎஸ்' கட்டளையில் 'பிஎஸ்ஆர்' என்னும் பத்தியைக் கேளுங்கள். ஒவ்வொரு புரோகிராமும் கடைசியாக ஓடிய செயலகத்தின் எண் தெரியும். சில விநாடி கழித்து மறுபடி கேளுங்கள். எவையெல்லாம் இடம் மாறியிருக்கின்றன?