அந்த மூவாயிரம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நேற்று உன் அம்மா போனில் ஒரே புலம்பல். "விளையாடினாலாவது பரவாயில்லைடா, திரை பூரா வெறும் நம்பரா ஓடுது. அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்றாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அக்காவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. போக்கிமான் ரெட், கையில் 9,99,999 பணம். யாரோ கண்டுபிடித்த மூன்று சீட் கோட்களைப் போட்டு வந்தது. அந்தக் கோட் ஒவ்வொன்றும் எட்டு இலக்கம் ஏன் என்று யோசித்தாயா? முதல் இரண்டு, கோட் என்ன வகை என்பது. அடுத்த இரண்டு, எழுத வேண்டிய மதிப்பு. மிச்சம் நான்கும் நினைவக முகவரி. அதுவும் பின்பாதி முன்னே, முன்பாதி பின்னே. ஒரு கோட் ஒரு பைட்டைத்தான் மாற்றும். பணத்துக்கு மூன்று கோட் தேவைப்பட்டதிலேயே பாதி ரகசியம் இருக்கிறது.

அதை அழித்துவிட்டுப் புது ஆட்டம் தொடங்கு. கையில் 3,000 இருக்கும். அந்த மூவாயிரம் நினைவகத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நீயே தேடு. தேட வேண்டிய இடம் பெரிதில்லை. இந்த ஆட்டம் ஓடும், 1989-இல் நிண்டெண்டோ வெளியிட்ட கேம்பாய்க்கு வேலை நினைவகம் மொத்தமே 8 கிலோபைட்.

நான் தேடிய கதையைச் சொல்கிறேன். மூவாயிரத்தை ஹெக்ஸுக்கு, அதாவது பதினாறடி எண்முறைக்கு, மாற்றினால் 0பிபி8. அதைத் தேடினேன், சிக்கவில்லை. பைட்டுகளை இடம் மாற்றித் தேடினேன், அதுவும் இல்லை. இரண்டு ராத்திரி போனது. மூன்றாம் நாள் வெறுத்துப்போய், நினைவகத்தை ஒரு பக்கம் திறந்து வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தேன். எதிராளிப் பையனை முதல் சண்டையில் ஜெயித்ததில் 175 சேர்ந்து 3,175 ஆகியிருந்தது. கடையில் 200-க்கு ஒரு பந்து வாங்கினேன். டி347 என்ற முகவரியில் தொடங்கும் மூன்று பைட்டுகளில் 00 31 75 என்று இருந்தது, கண்ணெதிரே 00 29 75 ஆனது. ஹெக்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டில் எழுதுவது போல நம் எண்ணே அப்படியே எழுதியிருந்தது.

ஏன் அப்படி? கேம்பாயின் சிப்புக்கு வகுத்தல் கட்டளையே கிடையாது. சாதாரண பைனரியாக வைத்தால், திரையில் காட்டும்போதெல்லாம் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இலக்கம் இலக்கமாக வைத்துவிட்டால் பைட்டை இரண்டாக வெட்டினால் போதும். இதற்கு பிசிடி என்று பெயர். கூட்டிக் கழித்தபின் விடையை இந்த வடிவத்துக்குச் சரிசெய்ய டிஏஏ என்று தனிக் கட்டளையே அந்தச் சிப்பில் உண்டு.

இதெல்லாம் எதற்கு உதவும் என்று உன் அம்மா கேட்பாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாங்கள் செய்த மின்மீட்டர் ஒன்று ராத்திரி பதினொரு மணியை 35 மணி என்று காட்டியது. ஆபீசே தலையைப் பிய்த்துக்கொண்டது. எனக்கு அந்த 00 29 75 ஞாபகம் வந்தது. கடிகாரச் சிப் 23 என்பதை பிசிடியில் தருகிறது. நாங்கள் அதை ஹெக்ஸாகப் படித்தோம். ஹெக்ஸில் 23 என்றால் 35. இரண்டு வரி மாற்றினேன், சரியாகிவிட்டது.

ஆட்டத்தில் திடீரென முளைக்கும் மிஸ்ஸிங்நோ என்ற விசித்திரப் பிராணி பற்றிக் கேட்டிருந்தாய். அதில் பேயும் இல்லை, சாபமும் இல்லை. விரிடியன் நகரத்துக் கிழவர் பிராணி பிடித்துக் காட்டும்போது, திரையில் உன் பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயர் வர வேண்டும். அதுவரை உன் பெயரை எங்காவது பத்திரப்படுத்த வேண்டுமே? காட்டுப் பிராணிகளின் பட்டியல் வைக்கும் இடத்தில் வைக்கிறது நிரல். அடுத்த காட்டுக்குள் போனால் அந்த ஊர்ப் பட்டியல் அதன்மேல் எழுதப்பட்டுவிடும், வம்பில்லை. நேராகச் சின்னபார் தீவுக்குப் பறந்தாலோ, அங்கே எழுதப் பட்டியலே இல்லை. கிழக்குக் கரையோரம் நீந்தும்போது உன் பெயரின் எழுத்துகளே பிராணியாகவும் லெவலாகவும் படிக்கப்படுகின்றன. இடப் பஞ்சத்தில் ஒரே அலமாரியில் இரண்டு பேர் சாமான் வைத்ததன் விளைவு. எனக்கு இந்தப் பிழையின் மேல் ஒரு தனிப் பிரியம்.

ஒரு நோட்டுப் போடு. பைட்டை மாற்றுவதற்கு முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என்பதைப் பேனாவால் எழுது. ஒரு தடவைக்கு ஒரே பைட். ஐந்தாறை ஒன்றாக மாற்றிவிட்டு ஆட்டம் உறைந்துபோனால் எது காரணம் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆட்டக் கோப்பில் ஹெக்ஸ் 134-இல் தொடங்கும் தலைப்பில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பார். சில எமுலேட்டர்களில் ஒன்றுமே ஆகாதது போல ஓடும். நிஜ கேம்பாயில் லோகோவோடு நின்றுவிடும். 14டி-யில் இருக்கும் சரிபார்ப்புத் தொகைக்கும் அதற்கும் என்ன உறவு என்று பிடித்துவிட்டால் நீ தேறிவிட்டாய்.

இந்த ஆட்டம் முழுவதையும் அசெம்பிளியாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் வைத்துப் பொதுவில் போட்டிருக்கிறார்கள். பிரமாதமான வேலை. ஆனால் நீ தேடி முடித்தபின் விடை சரிபார்க்க மட்டும் அதைத் திற. காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜிலிருந்து நீயே எடுத்த ரோம் (ROM) கோப்பில் வேலை செய். யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் மாற்றங்கள் மட்டும் உள்ள பேட்ச் கோப்பைக் கொடு, ஆட்டத்தைக் கொடுக்காதே.

பணத்தின் மூன்று பைட் முடிந்ததும், டி34ஏ-யில் ஒரு பெயர் தொடங்குகிறது. ஆங்கில எழுத்து ஏ-க்கு ஹெக்ஸில் 80, பி-க்கு 81. 50 வந்தால் பெயர் முடிந்தது. அது யார் பெயர் என்று கண்டுபிடித்து, இந்த வாரத்துக்குள் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா